தண்ணிப் பம்புக்கு ஓதிய யாசீன்

கல்முனை
21.03.1982, ஞாயிறு

அன்பு மகன் ஜவுபருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும் தங்கச்சி றாஹிலாவும் அல்லாஹ்ட காவலில் தின்று குடித்துக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த மணல் காற்றுக்குள் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று உம்மா ஐந்து வக்தும் கையேந்துகிறாள், எனக்கு நாலு வக்துதான் சரிவருகுது, சுபஹுக்கு எழும்புவதில் முந்தியைப் போலவே சோம்பல்தான். முதலில் என்னுடைய வெட்கக்கேட்டை நானே எழுதிவிடுகிறேன், உன் கூட்டாளிமாரில் எவனாவது எழுதி நீ அறிந்தால் இன்னும் கேவலம். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் உன் வாப்பா நான், மௌத்தானவர்களுக்கு ஓதுகிற யாசீனை ஒரு தண்ணிப் பம்புக்கு ஓதினேன். ஓம் மகன், வயலுக்கு நீர் இறைக்கிற பம்பு, பச்சைப் பெயின்ற் அடித்தது. தொப்பியைச் சரியாகப் போட்டு, பம்பின் தலைமாட்டில் நின்று, கண்ணீரும் விட்டு, ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டேன். நடுவில் இரண்டு இடத்தில் மறந்தும் போய்விட்டது, பம்பு கண்டுகொள்ளவில்லை. எங்களை ஏற்றிப்போன வேன்காரன் வந்து கதையைப் பரப்பிவிட்டான், இப்போது தேத்தண்ணிக் கடையில் எனக்குப் பெயர் பம்பு லெப்பை. சிரிக்கிறதென்றால் இதோடு சிரித்து முடி. மிச்சத்தை வாசிக்கும்போது சிரிப்பு வராது. உன்னிடம் கேட்க ஒரு கேள்வியும் இதில் இருக்கு, அதனால் ஒரு வரியும் தாண்டாமல் வாசி.

நம்முடைய பின்வேலி மீராமுகைதீனின் மூத்த மகள் சுஹறா மௌத்தாகிவிட்டாள். நீயும் அவளும் ஒரே பாயில் இருந்து குர்ஆன் ஓதினவர்கள், நீ போன வருசத்துக்கு அடுத்த வருசம் அவளும் நீ இருக்கிற அந்த நாட்டுக்கே வீட்டு வேலைக்கு வந்தாள், நீ ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். ஏழாந் திகதி தந்தி வந்தது, மௌத்து, செவ்வாய்க்கிழமை பிளேனில் மையித்து வருகுது, வந்து பொறுப்பெடுக்கவும் என்று இருந்தது, வேறொன்றும் இல்லை. பிறகு கையில் கிடைத்த கடதாசியில் இருதயம் நின்று மௌத்து என்று போட்டிருந்தது, ஆருக்கு மகன் இருதயம் நிற்காமல் மௌத்து வருகுது, இருபத்துநாலு வயசுப் பிள்ளைக்கு ஏன் நின்றது என்று எழுத அந்தக் கடதாசியில் இடம் விடவில்லை. பள்ளிவாசல் லெப்பை, உடலை அங்கேயே அடக்கியிருந்தால் நல்லம் என்றார், எங்களைக் கேட்டுவிட்டா அனுப்பினார்கள். அவளுடைய உம்மா முனவ்வறா, என்ட புள்ளயக் கொண்டு வாங்க, நம்மட மண்ணுல வைங்க, வேற ஒண்டும் கேக்கல்ல என்று தலைவாசலில் இருந்தவள்தான், எழும்பவில்லை.

மீராமுகைதீன் நேரே என்னிடம் வந்தான். காக்கா, நீங்க வரணும், எனக்கு அந்த இடத்துல வாய் திறக்கத் தெரியா, உங்கட மகன் அந்த வேலைதானே, உங்களுக்கு எல்லாம் தெரியும் என்றான். எனக்கு என்ன தெரியும்? உன் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி நானே கட்டிவிட்ட கதை. நீ எழுதினது, பிளேனில் ஏற்றுகிற சாமானுக்குப் பெயர்த் துண்டு எழுதி ஒட்டிவிடுகிற வேலை, எழுதுவதும் ஒட்டுவதும் நான்தான், ஒரு நாளைக்கு நானூறு துண்டு எழுதுகிறேன், என்னைப்போல வேகம் இங்கே ஒருத்தனுக்கும் இல்லை என்று. நான் தேத்தண்ணிக் கடையில் அதைக் கொஞ்சம் நீட்டினேன். என்ட மகன்ட கையெழுத்து இல்லாம அந்த நாட்டுல இருந்து ஒரு தையல் ஊசியும் பிளேன் ஏறாது என்று சொன்னேன். ஒரு நாள் அல்ல, நீ போன மூன்று வருசமும் சொன்னேன். அந்தப் பெருமைக்குத்தான் என்னை வேனில் முன் சீற்றில் ஏற்றினார்கள். உன் கலியாணத்துக்கென்று தைத்து வைத்த களிசானையும் போட்டுக்கொண்டு போனேன், இடுப்பில் பொத்தான் பூட்டவில்லை, ஊசி குத்திக்கொண்டேன், அது வேறு கதை.

பிளேனில் வருகிற சாமானை இறக்கி வைக்கிற அந்தக் கொட்டகையை நான் பிளேன் நிற்கிற இடம் மாதிரி நினைத்திருந்தேன், பளபளவென்று இருக்கும் என்று. போய்ப் பார்த்தால் நம்முடைய நெல் ஸ்டோரைப் பத்து மடங்கு பெரிதாக்கி எலியை மட்டும் குறைத்தது மாதிரி. பெட்டி பெட்டியாக, றேடியோ, மின்விசிறி, பால்மா, ரயர், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. வேலைக்கு ஆள் குறைவில்லை மகன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒருத்தன் பதிகிறான், ஒருத்தன் முத்திரை குத்துகிறான், ஒருத்தன் திறப்புக் கோர்வையைச் சுழற்றிக்கொண்டு நடக்கிறான், ஒருத்தன் மற்றவன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான். என்ன கேட்டாலும் அது என்ட வேலை இல்லை, அந்த மேசையில் கேளுங்கள். அந்த மேசைக்குப் போனால் மேசை இருக்கு, கதிரை இருக்கு, கதிரையின் முதுகில் ஒரு கோட் தொங்குது, மனிசன் இல்லை. ஒரு கிளாக்கர் மீன் பணிஸ் தின்றுகொண்டே சுஹறாவின் கடதாசியை வாங்கினான், விரலில் இருந்த எண்ணெய் அவள் பெயருக்கு மேல் பட்டு மஞ்சளாகப் பரவினதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் நம்முடைய ஆள்தான், சலாமும் சொன்னான், அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. மையித்து எங்கே என்று மீராமுகைதீன் கேட்க, வந்திரிக்கி, வந்திரிக்கி என்று எழும்பிப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், சாக்குத் துணி சுற்றித் தைத்த நீளப் பலகைப் பெட்டியொன்றைக் காட்டினான். கையால் காட்டவில்லை, சப்பாத்துக் காலால் காட்டினான். ஒரு பக்கத்தில் தலை என்று இங்கிலீசில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது, சின்ன எழுத்துத் துண்டும் ஒன்று இருந்தது, என் கண்ணாடி வேனுக்குள் கிடந்தது. தலை என்றதை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தேன், அந்தத் தலைமாட்டில் நின்றுதான் ஓதினேன். மீராமுகைதீன் பெட்டியில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டான், மகளே வாப்பா வந்திட்டன் என்று அதைத் தடவினான். நான் ஓதினதைச் சொல்லி ஊர் சிரிக்குது, அவன் தடவினதை ஊரில் ஒருத்தரும் சொல்வதில்லை, அந்த மட்டுக்கு வேன்காரனுக்கு மனசு இருக்கு.

மறுகா சுங்க ஒபிசர் வந்து, வெளிப்பெட்டியைத் திறந்து உள்ளே சீல் வைத்த தகரப்பெட்டி இருக்கா என்று பார்த்துத்தான் விடலாம், அது சட்டம் என்றார். ஆணியைக் கழற்றிப் பலகையைத் தூக்கினால் பம்பு. மகன், அந்த இடத்தில் என்ன நடந்தது என்று உனக்கு எப்படி எழுதுவது, ஒருத்தன் சிரித்துவிட்டான். அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை, அவனைப் பார்த்து இன்னொருத்தனும். மீராமுகைதீன் அழுகையை நிறுத்தி, அப்ப என்ட புள்ள எங்க என்று கேட்டான். எல்லாரும் கடதாசியைப் பார்த்தார்கள். கடதாசியில் சரியாகத்தான் இருக்கு, ஒரு பெட்டி அனுப்பினது, ஒரு பெட்டி வந்தது, எண்ணிக்கை பிழையில்லை என்றான் பணிஸ் தின்றவன். எண்ணிக்கை பிழையில்லையாம்! அனுப்பின பக்கத்துக்கு ரெலெக்ஸ் அடித்துக் கேட்கிறோம், நாளைக்கு வாங்கள் என்றார்கள். அன்றைக்குப் பள்ளிவாசலில் போய்க் கிடந்தோம். புதன்கிழமை போனோம், பதில் வரவில்லை என்றார்கள், பின்னேரம் வந்தது, எல்லாம் முறைப்படி அனுப்பப்பட்டது என்று ஒரு வரி. அதை வாசித்துக் காட்டிவிட்டு எங்களைப் பார்த்துக் கையை விரித்தார்கள், அவர்கள் முறைப்படி அனுப்பியிருக்கிறார்கள், நாங்கள் முறைப்படி எடுத்திருக்கிறோம் என்று. அத்தனை பேரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்து முடித்துவிட்டார்கள், பிள்ளையை மட்டும் காணவில்லை. எனக்கு அந்த மேசையில் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பவில்லை, வாயும் காய்ந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை காலையில் வாசல் படியில் நானும் அவனும் இருந்து கதைத்துக்கொண்டிருக்க, பெட்டி தூக்குகிற ஒரு மனிசன் நின்று எங்கள் கதையைக் கேட்டான். நீங்க கல்முனைப் பக்கமா காக்கா, நான் காரைதீவு, அழகரெத்தினம் என்றான். நாற்பது வயசிருக்கும், முதுகில் வியர்வை உப்பாகக் காய்ந்திருந்தது. முழுக் கதையையும் நின்றபடி கேட்டான். கேட்டு முடிய அவன் முகம் மாறிப்போய்ச்சு. பம்புப் பெட்டியில புள்ளட துண்டு ஒட்டிக் கிடந்திச்செண்டா, பம்புட துண்டு எந்தப் பெட்டியில கிடக்கும் என்று கேட்டான். அவ்வளவுதான் மகன். இவ்வளவு ஒபிசர்மார், இவ்வளவு மேசை, ரெலெக்ஸ், மூன்று நாளாக ஒருத்தனுக்கும் தோன்றாத கேள்வி. பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு விட்டதாகச் சொன்னான், நான் எட்டு, எனக்கும் தோன்றவில்லை. எங்களை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினான், பின்னால் நாங்களும் போனோம், தடுக்க வந்தவனைப் பார்த்து அழகரெத்தினம் சிங்களத்தில் ஒரு சொல் சொன்னான், அது எனக்கு விளங்கினது, எழுத மாட்டேன்.

பால்மாப் பெட்டிகளுக்குப் பின்னால், சுவரோடு சாத்தி, நட்டுக்கு நிறுத்தி வைத்திருந்தது. கட்டில் சட்டம் சாத்துகிற மாதிரி. அதே சாக்குத் துணி, அதே நீளம், அதில் தண்ணிப் பம்பு என்று எழுதின துண்டு, பக்கத்தில் மேல் நோக்கி ஒரு அம்புக்குறித் துண்டு, இந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று. பம்பைப் படுக்கப் போட்டால் எண்ணெய் ஒழுகுமாம், அதனால் நிறுத்தித்தான் வைக்க வேண்டுமாம், அந்த அம்புக்குறியின் பேச்சைக் கேட்டு அந்தப் பிள்ளையை மூன்று நாள் நிற்க வைத்திருக்கிறார்கள். அழகரெத்தினம் இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு மெதுவாகச் சரித்துப் படுக்க வைத்தான், படுக்க வைத்துவிட்டு மீராமுகைதீனின் முகத்துக்கு நேரே வந்து நின்றான். காக்கா, நிப்பாட்டினது நான்தான், அம்பு கிடந்திச்சு, நிப்பாட்டினன், பம்புக்குப் பாரம் காணாதே எண்டு அப்பவே கைக்குத் தெரிஞ்சது, தெரிஞ்சும் கேக்கல்ல, எனக்கு அடிக்கிறெண்டா அடிங்க என்றான். ஒருத்தரும் அவனைக் கேட்கவில்லை மகன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எங்களுக்கு அவன் கண்டுபிடித்துத் தந்த புண்ணியவான். மீராமுகைதீன் அவன்ட இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீ எழுத்தப் பாத்து வெச்சாய் தம்பி, எழுதினவன்ட பிழைக்கு நீ என்ன செய்வாய் என்றான்.

அந்த நேரத்தில்தான் உன் வாப்பாவுக்கு வீரம் வந்தது. மூன்று நாளாக அடக்கி வைத்த எல்லாம் சேர்ந்து, அந்தக் கொட்டகை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அந்தக் கரையில இந்தத் துண்ட ஒட்டின கழுதை எவன், அவனுக்குக் கண் இரிக்கா, எழுதத் தெரிஞ்சவனுக்கு வாசிக்கத் தெரியாதா, அவன வளத்த வாப்பா எப்பிடிப்பட்ட மனிசனா இருப்பான், அந்த வாப்பாட மூஞ்சிய எனக்கு ஒருக்காப் பாக்கணும் என்று கத்தினேன். எல்லாரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள், பணிஸ் தின்றவன்கூட எழும்பி நின்றான், எனக்கு உள்ளுக்குள் நல்லாகத்தான் இருந்தது. மறுகா சுங்க ஒபிசர் ஒரு பலகையைத் தூக்கி உள்ளே சீல் வைத்த தகரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டார், இரண்டு துண்டையும் கழற்றி மாற்றிப் பதிய வேண்டும் என்று மேசைக்குக் கொண்டுவந்தார்கள், பெயரைச் சரிபார்க்கச் சொன்னார்கள், நான் வேனுக்குப் போய்க் கண்ணாடியை எடுத்து வந்து போட்டேன். நீ அனுப்பின கண்ணாடிதான். நீலப் பேனையால் சுஹறா மீராமுகைதீன் என்று அழகான கையெழுத்து. கீழே கல்முனை. அதற்குக் கீழே எழுதினவனின் சின்னக் கையெழுத்து, கையெழுத்தின் அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி. பம்பின் துண்டிலும் அதே இரண்டு புள்ளி.

அந்தப் புள்ளி எங்கிருந்து வந்ததென்று உனக்கும் எனக்கும் தெரியும். ஓதுகிற பள்ளியில் அரபு யே எழுத்துக்குக் கீழே புள்ளி போட மறந்து லெப்பையிடம் பிரம்படி வாங்கினாய், அன்றையிலிருந்து கோபத்தில் எல்லாத்துக்கும் கீழே இரண்டு புள்ளி போடத் தொடங்கினாய், கணக்குக் கொப்பியிலும் போட்டாய், நான் சிரித்தேன், பக்கத்தில் இருந்த சுஹறாவும் சிரித்ததாக நீதான் வந்து சொன்னாய். உன்னுடைய ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் உம்மா கடிதத்தைக் கண்ணில் ஒற்றுவாள், எழுத்து வாசிக்கத் தெரியாதவளுக்கு அதுதான் மகன்ட அடையாளம். ஆகவே நான் பார்க்க ஆசைப்பட்ட அந்த வாப்பாட மூஞ்சியைக் காண எனக்கு ஒரு கண்ணாடிதான் தேவைப்பட்டது. ஊசி கழன்று களிசான் இறங்கப் பார்த்தது, ஒரு கையால் களிசானைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கையெழுத்து வைத்தேன். எதற்குக் கையெழுத்து வைத்தேன் தெரியுமா, பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்த தாளில். பொருள் என்று. நல்ல நிலையில் என்று. மூன்று நாளும் அவர்களைப் பார்த்து அருவருத்தவன், கேள்வி கேட்காமல் காட்டின இடத்தில் வைத்துவிட்டேன். கழற்றின துண்டு இரண்டையும் குப்பைக்கூடையில் போடப் போனார்கள், நான் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

இப்போது என் கேள்வி. அந்தப் பெயரை எழுதும்போது நீ வாசித்தாயா? அவ்வளவுதான். பெட்டியை மாற்றி ஒட்டினதை நான் பிறகு கேட்கிறேன், அது கை தவறினது என்று சொல்லலாம், இரண்டும் ஒரே சாக்கு, ஒரே நீளம். எழுதினது? சுஹறா என்று எழுதினாய், அவள் வாப்பாட பெயரை எழுதினாய், நீ பிறந்த ஊரை உன் கையாலேயே எழுதினாய். ஒரு எழுத்தும் பிழையில்லை. எழுதி முடித்து அடுத்த துண்டுக்குப் போய், தண்ணிப் பம்பு என்று எழுதினாய். ஒரு நாளைக்கு நானூறில் அதுவும் ஒன்றா? நீ வாசித்துவிட்டு எழுதினாய் என்றால், ஏன் ஒரு வரி எங்களுக்கு எழுதவில்லை, ஏன் அந்தப் பெட்டியில் கையை வைத்து ஒரு பாத்திஹா ஓதவில்லை, ஓதியிருந்தால் எந்தப் பெட்டியில் எது இருக்கு என்று உன் கைக்குத் தெரிந்திருக்குமே. வாசிக்காமல் எழுதினாய் என்றால் அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை மகன், ஆனால் எது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நான் என்னை விட்டுவிட்டுக் கதைக்கிறேன் என்று நினையாதே. முதலாளியின் நெல் ஸ்டோரில் முப்பது வருசம் மூட்டைக்குப் பெயர்ச் சிட்டுக் கட்டினவன் நான், கட்டும்போது பாதி நேரம் என் கண் றோட்டில் இருக்கும், வாய் கதையில் இருக்கும். விடுமுறைக்கு நீ அங்கே வந்து நின்றபோது, வாசிச்சு வாசிச்சு எழுதினா இண்டைக்கு முடியாது, கை ஓடட்டும் என்று உனக்குச் சொல்லித் தந்ததும் நான்தான். பாலமுனைச் சின்னப்போடியின் விதைநெல் மூட்டையில் அரிசி ஆலைக்குப் போகிற சிட்டைக் கட்டிவிட்டு, அவர் வந்து நின்று அழுதபோது, சிட்டில சரியாத்தான் கிடக்கு என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதே சொல். பணிஸ் தின்றவனிடம் கேட்டபோதே எனக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது, வேனில் வரும்போதுதான் அது என்னுடைய குரல் என்று பிடிபட்டது. ஆனால் மகன், நெல் குத்தினால் அரிசி, அதோடு போய்ச்சு. உங்கள் கொட்டகைக்கு மனிசரும் வருகிறார்கள். இங்கே வீட்டுக்கு ஒரு பிள்ளை அந்தப் பக்கம் போகுது, எல்லாரும் நடந்து திரும்பி வருவார்களென்று ஆருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஊருக்குக் கொண்டுவந்தோம். தகரப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று டொக்டரும் லெப்பையும் சொல்லிவிட்டார்கள், முனவ்வறா முகம் பார்க்கவில்லை, சாக்கோடு இருந்த பெட்டியைத்தான் பார்த்தாள். மையவாடியில் இறக்கப் போகும்போது லெப்பை நிறுத்தினார், தலை எந்தப் பக்கம் என்றார். வடக்கே தலை வைக்க வேண்டும், தலை என்ற துண்டு பம்போடு போய்விட்டது, கபுறுக்குள் நின்றவர்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஊர் முழுக்க என்னைப் பார்க்குது. அப்போதுதான் நான் சோக்கட்டிக் கோட்டைக் காட்டினேன். கொட்டகையில் இருந்து ஏற்றும்போது அழகரெத்தினம், உங்கட ஆக்கள் தலப்பக்கம் பாத்துத்தானே வைப்பீங்க காக்கா என்று கேட்டு, இரண்டு முனையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, பாரமான முனையில் வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டான். தோளும் தலையும் கிடக்கிற பக்கம் பாரம் நிற்குமாம். இந்துப் பிள்ளை ஒருத்தன் போட்ட கோட்டை நம்பித்தான் சுஹறாவை வடக்கே தலை வைத்து அடக்கினோம், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான். நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, அந்தக் கோடு இருந்த முனையில்தான் கொட்டகையின் சீமெந்துத் தூசி ஒட்டியிருந்தது. தலை கீழே இருந்திருக்கு. மீராமுகைதீன் வேனில் வைத்து என்னைக் கேட்டான், நிண்ட நேரம் தல மேலதானே காக்கா என்று. ஓம், மேலதான், நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்க்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அதில் உனக்குப் பங்கு இல்லை.

வீட்டுப் புதினம் அதிகம் இல்லை. பெரும்போக அறுவடை முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை, மழை கடைசியில் கொஞ்சம் கெடுத்தது. உம்மாவுக்கு முழங்கால் வீக்கம், ஆஸ்பத்திரியில் மருந்து தந்தார்கள், குடிக்கிறாள், நீ சொன்னால் ஒழுங்காகக் குடிப்பாள். றாஹிலா சோதனைக்குப் படிக்கிறாள், நீ அனுப்பின றேடியோவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன், பாட்டுக் கேட்டுக்கொண்டு படிக்கிறாளாம். அடுத்த முறை பிஸ்கற், பால்மா ஒன்றும் அனுப்பாதே, பால்மாப் பெட்டியைக் கண்டால் நான் றோட்டின் மற்றப் பக்கம் போய்விடுகிறேன். வெயிலில் இருந்து வந்த உடனே குளிர்ந்த தண்ணி குடியாதே. தொழுகையை விடாதே, என்னைப் பார்த்துப் பழகாதே.

இந்தக் கடிதத்துக்குள் அந்த இரண்டு துண்டும் வைத்திருக்கிறேன். நீ எழுதுகிற மேசையில், பேனை வைக்கிற இடத்தில் வை. உன்னுடைய பெரியவனிடம் போய் இன்னது நடந்தது, ஒட்டினது நான் என்று சொல், வேலை போனால் வா, நம்முடைய வயல் இருக்கு. நானூறு எழுதாதே, நூறு எழுது, ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு எழுது, ஒட்டுவதற்கு முதல் பெட்டியில் ஒருக்காக் கையை வை. சீல் வைத்த தகரப்பெட்டி வந்தால், எந்த ஊர்ப் பிள்ளை என்றாலும், எந்த மதம் என்றாலும், எழும்பி நில். அழகரெத்தினத்துக்கு நான் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், விடுமுறைக்கு வரும்போது அவனை ஒருக்காப் போய்ப் பார். ஊருக்கு வந்தால் முதலில் நம் வாசலுக்கு வராதே, பின்வேலியால் மீராமுகைதீன் வீட்டுக்குப் போ, போய் உன் வாயால் நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மறுகா வந்து உம்மா கையால் சோறு தின். என் கேள்விக்குப் பதிலை மறக்காமல் எழுது, உம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிற கடிதத்தில் எழுதாதே, வேறு தாளில் எழுதி மடித்து வை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பார்க்கிற கண்ணையும் தரட்டும், உன் கைக்கு நல்ல வேலையைத் தரட்டும், நாங்கள் இருக்கும் மட்டும் உன்னை எங்களுக்குக் குறையில்லாமல் காட்டட்டும்.

இன்னொன்று இருக்கு. வியாழன் பின்னேரம் ஊருக்கு வரும் வழியில் மகியங்கனை ஏற்றத்தில் வேன் சூடாகி நின்றது, தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றோம். மீராமுகைதீன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டான். காக்கா, நீங்க எந்த நாளும் சொல்லுவீங்களே, ஜவுபர்ட கையெழுத்து இல்லாம ஒரு ஊசியும் ஏறாது எண்டு, அப்ப இந்தத் துண்ட மாத்தின பாவி எவனா இருந்தாலும் பரவாயில்ல, என்ட புள்ள அங்க இருந்து வெளிக்கிடக்குள்ள நம்மட ஊர்ப் புள்ளட கையொண்டும் எங்கயாவது பட்டிரிக்கும், அது போதும் எனக்கு, அவனுக்கு என்ட சலாத்த எழுதுங்க என்றான். அவன் சொன்ன சலாம் இது, எழுதிவிட்டேன். ஓம் மீராமுகைதீன், ஜவுபர்ட கைதான் பட்டிரிக்கி, வேற எவன்ட கையும் இல்ல, துண்டு இந்தா என்ட சட்டைப் பைக்குள்ள கிடக்கு என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அழகரெத்தினம் தன் பிழையை ஒருத்தரும் கேட்காமலே சொன்னான். நான் றேடியேற்றருக்குத் தண்ணி எடுக்கப் போய்விட்டேன்.

உன் வாப்பா,
ஆ. மீராசா